தென்னைமரம் நேராக நிற்கும் சட்டை

தங்கராசு கடைக்குள் வரவில்லை. வாசலில் வந்து நின்றான். அப்படியே திரும்பி முதுகைக் காட்டினான்.

"அக்கா, பாருங்க."

பார்த்தேன். நாங்கள் தைத்துக் கொடுத்து ரெண்டு நாள்கூட ஆகாத சட்டை. கருநீலத் துணி. அதில் உள்ளங்கை அகலத்துக்குப் பச்சை இலை, இலைக்கு நடுவே வளைந்து நிற்கிற தென்னைமரம், அங்கங்கே செக்கச்சிவந்த பூ. எனக்கு அழகாகத்தான் பட்டது.

"என்ன தம்பி, தையல் பிரிஞ்சிருச்சா?"

"தையலெல்லாம் கெட்டியாத்தான் இருக்கு. மரத்தைப் பாருங்க."

அப்போதுதான் கண்ணில் பட்டது. முதுகில் இருந்த தென்னைமரம் அத்தனையும் வேரை மேலே தூக்கிக்கொண்டு, ஓலையைக் கீழே தொங்கவிட்டு நின்றன.

ஓவர்லாக் மிஷினிலிருந்து எட்டிப் பார்த்தாள் பாக்கியம். கடையில் என்னோடு தைக்கிறவள். "ஐயையோ, மரமெல்லாம் சிரசாசனம் பண்ணுதேக்கா!" என்றாள்.

தங்கராசு சிரிக்கவில்லை. "அரியலூர் பஸ் ஸ்டாண்டுல ஒருத்தன் கேக்குறான், 'என்னாண்ணே, பொண்டாட்டி நைட்டியைக் கத்தரிச்சு மாட்டிட்டு வந்துட்டியா'ன்னு. பின்னாடியிருந்து இன்னொருத்தன், 'முன்னாடி வெயிலு, பின்னாடி புயலா'ங்கிறான். டீயைப் பாதியில வெச்சிட்டு வந்துட்டேன்."

முன்னாடி வெயிலு, பின்னாடி புயலு! அந்த ஆள் யாரோ எவரோ, வாயில் சர்க்கரை போடலாம் போல இருந்தது எனக்கு. நம்ம ஊர்க்காரர்கள் கேலி பண்ணினாலும் அதில் ஒரு வேலைப்பாடு இருக்கும். ஆனால் சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அடுத்து தங்கராசு சொன்னது சிரிக்கிற விஷயமாக இல்லை.

"வர்ற முகூர்த்தத்துல அரியலூர்ல மாப்பிள்ளை ஊர்வலம், எங்க பேண்டு செட்டும் வாசிக்குது. திருச்சியிலேருந்து கோட்டு சூட்டு போட்ட செட்டும் வருது. எந்த செட்டு மாப்பிள்ளை காருக்கு முன்னாடி, எது கடைசியிலன்னு அவரோட சித்தப்பா நேர்ல பாத்துத்தான் சொல்லுவாராம். முன்னாடி போற செட்டைத்தான் சனங்க ஞாபகம் வெச்சுக் கூப்பிடும். இந்தச் சட்டையோட போய் நின்னா எங்களைச் சமையக்கட்டுக்குப் பின்னாடி நிறுத்திருவாரு அக்கா."

சொல்லிவிட்டு அப்போதும் திரும்பாமல் தெருவைப் பார்த்தபடியே நின்றான்.

நைட்டிக்கடை அக்கா

இந்த இடத்தில் கதையைக் கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். போன வாரம் இந்தப் பகுதியில் எழுதிய புஃப் கை ரவிக்கைக் கதையைப் படித்துவிட்டு, பாடாலூரிலிருந்து ஒரு வாசகி, "எல்லாம் எழுதுறீங்க, நீங்க எங்க தையல் கத்துக்கிட்டீங்கன்னு மட்டும் எழுத மாட்டேங்கிறீங்க" என்று குறைபட்டுக்கொண்டார்.

எங்கே கற்றுக்கொண்டேன்? எந்த டீச்சரிடமும் இல்லை. பழைய ரவிக்கையைத் தையல் தையலாகப் பிரித்துப் போட்டுவிட்டு, அது எப்படி ரவிக்கையாக இருந்தது என்று யோசித்து யோசித்துத் திரும்பச் சேர்த்ததுதான் என் படிப்பு. எழுதுவதும் அப்படித்தான் வந்தது. யாராவது நாலு வார்த்தை நன்றாகப் பேசினால் அதை மனசுக்குள் பிரித்துப் பார்ப்பேன்.

பெரம்பலூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் கடை. ரவிக்கை, சுடிதார், நைட்டி. அதிலும் நைட்டிதான் அதிகம். அதனால் எனக்கு நைட்டிக்கடை அக்கா என்றே பேர். ஆண்கள் துணி எங்கள் கடைக்குள் வந்ததில்லை. எதிர்க்கடை ராஜேந்திரன் அண்ணன் ஜென்ட்ஸ் டெய்லர். நான் ஒருமுறை சட்டையும் தைக்கலாம் என்றிருக்கிறேன் என்று சொன்னதற்கு, அவர் பல்லில் நூலைக் கடித்துக்கொண்டே சொன்னார்:

"ரவிக்கைக்கு நீ ராணிம்மா. சட்டைங்கிறது வேற ரூட்டு. உன் பஸ்ஸு அங்க போவாது."

கோபம் வரவில்லை, ஆனால் அந்த பஸ்ஸை எப்படியாவது அந்த ரூட்டில் ஓட்டிவிட வேண்டும் என்று மட்டும் அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

தங்கராசு செந்துறைப் பக்கம். பேண்டு செட்டு வைத்திருக்கிறான், டிரம்பெட் வாசிப்பான். செட்டுக்கு ஒரே மாதிரி பூச்சட்டை வேண்டும் என்று பெரம்பலூர் முழுக்கத் துணி தேடினான். சட்டைத் துணியில் சின்னச் சின்னப் பூவாகத்தான் கிடைத்தது. கடைசியில் பாய் கடையில், நைட்டி ரகத்தில் இந்தக் கருநீலம் கண்ணில் பட்டுவிட்டது.

"தம்பி, இது லேடீஸ் ரகம்" என்றாராம் பாய்.

"சட்டை தைச்சா போலீஸ் புடிக்குமா பாய்?"

"புடிக்காது. மாஷா அல்லா, உங்களுக்கு எடுப்பாத்தான் இருக்கும். ஆனா இருக்கிறது இந்த ஒரு சுருள் துணிதான். ஈரோட்டுல லாட்டுல வந்த சரக்கு, மறுபடி கேட்டாக் கிடைக்காது."

துணியைத் தூக்கிக்கொண்டு முதலில் ராஜேந்திரன் அண்ணனிடம்தான் போனான். அவர் நைட்டித் துணியில் கத்திரி வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அங்கிருந்து அப்படியே குறுக்கே நடந்து எங்களிடம் வந்தான். என் முதல் ஆண்கள் ஆர்டர், ரோட்டின் அகலத்தைத் தாண்டி வந்தது.

ஒரே வெட்டு

மரம் எப்படிக் கவிழ்ந்தது என்று கேட்பீர்கள். நைட்டி தைக்கிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், இந்நேரம் சிரித்திருப்பார்கள்.

நைட்டிக்குத் துணியின் நீளத்தைப் பாதியாக, தலைப்பும் கடைசியும் சேர்கிற மாதிரி மடித்துப் போடுவோம். மேலே உள்ள பாதி முன்பக்கம், கீழே உள்ளது பின்பக்கம். ரெண்டும் ஒரே வெட்டு. மடித்ததில் ஒரு பக்கத்துப் பூ தலைகீழாகிவிடும்தான். ஆனால் நைட்டிப் பூவுக்குத் தலை ஏது, கால் ஏது? எப்படித் திருப்பினாலும் பூ பூதான். வருஷக்கணக்காக வெட்டி வெட்டி, கை தானாகவே மடித்துவிடும்.

தென்னைமரத்துக்கு அப்படி இல்லையே. நானும் பாக்கியமும் ஜோராக மடித்து, ஜோராக வெட்டி, முன்பக்கத்தை நடுவில் கீறிப் பட்டன் வைத்து, சாம்பிளுக்கு ஒரு சட்டை தைத்துவிட்டோம். விறைப்பான காலர், பேன்ட்டுக்குள் விட்டு இன் பண்ணுகிற மாதிரி நீளமான வால் என்று எல்லாம் வைத்து. முன்பக்கம் பார்த்தே மயங்கிவிட்டோம். முதுகை யார் பார்த்தது?

நல்ல வேளை, சாம்பிள் மட்டும்தான் வெட்டியிருந்தோம். ஆனால் மிச்சத் துணியை மரம் நிமிர்ந்து நிற்கிற மாதிரி ஒவ்வொன்றாக வெட்டினால் சேதாரம் அதிகம். சாக்கட்டியால் கோடு போட்டுப் பார்த்தோம். செட்டு ஆட்களில் கடைசி ரெண்டு மூணு பேருக்குத் துணி வரவில்லை.

"ரெண்டு பேரு வெத்து உடம்போட வாசிக்கட்டும்" என்றாள் பாக்கியம். யாரும் சிரிக்காததால் அவளே "சும்மா சொன்னேன்" என்றாள்.

பினாங்குச் சட்டை

மறுநாள் தங்கராசு ஒரு பிளாஸ்டிக் பையோடு வந்தான். உள்ளே பேப்பரில் சுற்றி ஒரு சட்டை. அரக்கு நிறம், வெளுத்துப்போன மஞ்சள் பூ, பெரிய பெரிய இலை. தொட்டால் கையிலிருந்து வழிந்து ஓடுகிற துணி.

"இதைப் பிரிச்சு மட்டும் பாக்கக் கூடாது. என் உயிரு இது" என்றான்.

டிரம்பெட் பிடிப்பதற்கு முன்னால் அவன் பினாங்கில் கடற்கரை ஓட்டல் ஒன்றில் தட்டு எடுக்கிற வேலை பார்த்தவன். அங்கே வேலைக்காரர்களுக்கு யூனிஃபார்மே பூச்சட்டைதான். ஹவாய்த் தீவிலிருந்து வந்து தங்கியிருந்த ஒரு பெரியவர் அவனோடு சிநேகமாகி, ஊருக்குப் போகும்போது தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போனாராம்.

"எங்க யூனிஃபார்மைத் தொட்டுப் பாத்துட்டு, 'இது டூப்பு, நான் போட்டிருக்கிறதுதான் அசல்'னாரு அக்கா."

"ரெண்டும் பூதானே, எதை வெச்சு அசலுங்கிறது?" என்று கேட்டேன்.

"இதுல பாக்கெட் எங்க இருக்குன்னு காட்டுங்க பாப்போம்."

பாக்கியம் சட்டையைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். "பாக்கெட்டே இல்லாததுக்கு எங்கத்தக் காட்டுறது?"

தங்கராசு ரெண்டு விரலை நெஞ்சுப் பக்கம் ஒரு இலைமேல் வைத்தான். விரல் உள்ளே போய்விட்டது! உள்ளே போன இலையும் மேலே இருந்த இலையும் ஒரே இலை. நரம்புக்கு நரம்பு சேர்ந்திருந்தது. நான் எழுந்துபோய் ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன்.

பட்டன் போட்டால் இந்தப் பக்கத்துப் பாதிப் பூவும் அந்தப் பக்கத்துப் பாதிப் பூவும் கைகோத்துக்கொண்டு முழுப் பூவாகின்றன. பட்டன் கொட்டாங்குச்சியில் செய்தது, துணியோடு துணியாக மறைந்து கிடக்கிறது. காலருக்குள் விறைப்புக்கு வைக்கிற கேன்வாஸ் கிடையாது, கழுத்தை இறுக்காமல் விரித்துப் போட்ட மாதிரி கிடக்கிறது. முன்னாலும் பின்னாலும் செடி எல்லாம் மண்ணிலிருந்து வானத்தைப் பார்த்துத்தான் முளைத்திருக்கின்றன.

"அந்தப் பெரியவரோட முன்னோரு ஜப்பான்லேருந்து ஹவாய்க்குக் கரும்பு வெட்டப் போனவங்களாம்" என்றான் தங்கராசு. "போன எடத்துல அவங்க பொம்பளைங்க உடுத்துற பூத்துணியில மிச்சம் மீதி விழுந்ததை அங்க இருந்த டெய்லருங்க சட்டையா தைச்சாங்களாம். சீனாக்காரன் தைச்சான், பிலிப்பைன்ஸ்காரன் போட்டான், அப்படியே ஊருக்கே புடிச்சுப்போச்சுன்னு சொன்னாரு."

பாக்கியம் எறையூர்க்காரி. கரும்பு ஆலைக்கு வண்டி வண்டியாகக் கரும்பு வெட்டிப் போட்ட குடும்பம். கையிலிருந்த கத்திரியை டொக்கென்று மேஜையில் வைத்தாள்.

"கரும்பு வெட்டுனவங்க, பொம்பளைங்க துணியில தைச்சுப் போட்ட சட்டையா? அப்ப அது நம்ம சட்டைதானேடா! இதுக்குப் போயி டீயைப் பாதியில வெச்சிட்டு வந்தியா?"

அன்றைக்குத்தான் தங்கராசு முதல் தடவையாகச் சிரித்தான்.

வால் இல்லாத சட்டை

பினாங்குச் சட்டையை மேஜையில் விரித்து, அதன்மேல் நாங்கள் தைத்த சாம்பிளைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள் பாக்கியம். திடீரென்று, "அக்கா, இதுக்கு வாலே இல்லக்கா" என்றாள்.

உண்மைதான். பினாங்குச் சட்டை அடிப்பக்கம் நேர்க்கோடாக, இடுப்புக்குச் சற்றுக் கீழே முடிந்துவிட்டது. இன் பண்ணுகிற சட்டையே இல்லை அது. வெளியே விட்டுக்கொண்டு காற்றாட நடக்கிற சட்டை. எங்கள் சாம்பிளோ ஒரு சாண் அதிகம். காலருக்கு அடியில் வைக்கிற பட்டியும் பினாங்குச் சட்டையில் கிடையாது.

ஒரு சட்டைக்கு ஒரு சாண் மிச்சம் என்றால்? நானும் அவளும் ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கொண்டோம். அசலாகத் தைத்தால் துணி போதும்! அசல் இல்லாமல் தைத்ததால்தான் போதவில்லை.

தங்கராசுவுக்கு மட்டும் ஒரு தயக்கம். "யூனிஃபார்ம்னா இன் பண்ணாத்தானேக்கா மரியாதை? வெளிய விட்டா..."

மேஜையில் கிடந்த பினாங்குச் சட்டையின் அடி விளிம்பைத் தடவினான். பிறகு அவனே, "எங்கப்பா மேளம் அடிக்கப் போவாரு. பெரிய தெருவுக்குள்ள நுழையறப்ப சட்டையைக் கழட்டி இடுப்புல கட்டிக்கணும். வாசிச்சு முடிச்சு வெளிய வந்துதான் மாட்டிக்கணும். அதனாலயே அவரு நல்ல சட்டை எடுக்க மாட்டாரு. 'கட்டிக்கிறதுக்கு எதுக்குடா நல்ல சட்டை'ம்பாரு" என்றான்.

எங்கள் வீட்டு ஆட்களுக்கும் தெரிந்த கதைதான் அது. பாக்கியம்தான் சொன்னாள்:

"அப்ப வெளிய விட்டே போடு. இடுப்பே தெரியாத மாதிரி விட்டுப் போடு."

தங்கராசு தலையாட்டினான். அங்கேயே பேன்ட்டுக்குள் இருந்த தன் சட்டையை உருவி வெளியே விட்டுக்கொண்டான்.

ஒரு பார்டர் சேர்க்கிற கை

மடிக்காமல் ஒற்றைத் துணியாக விரித்து, ஒவ்வொரு சட்டையாக வெட்டினோம். பாக்கியம் ஒவ்வொரு துண்டையும் கையில் தூக்கிப்பிடித்து, "மரம் நிக்குதா?" என்பாள். "நிக்குது" என்று நான் சொன்ன பிறகுதான் அடுத்தது.

பாக்கெட்தான் உயிரை எடுத்தது. அடியில் இருப்பது தெரிகிற பட்டர் பேப்பரை நெஞ்சுப் பக்கத்தில் வைத்து, அங்கே வருகிற இலை, ஓலை, பூ எல்லாவற்றையும் பென்சிலால் வரைந்துகொள்வேன். பிறகு அந்தப் பேப்பரை, வெட்டும்போது விழுந்த துண்டுத் துணிகள்மேலெல்லாம் நகர்த்தி நகர்த்தி, அதே இலை, அதே பூ எங்கே இருக்கிறது என்று தேடுவேன். ரேஷன் கடைக் கூட்டத்தில் பிள்ளையைத் தேடுகிற மாதிரி. கிடைத்துவிட்டால் ஒரு சந்தோஷம் வரும் பாருங்கள், வாய்விட்டு "வாடி என் தங்கம்" என்பேன்.

நாலாவது சட்டைக்கு வரும்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இது எனக்குப் புது வேலையே இல்லை. பட்டுப்புடவை ரவிக்கையில் ரெண்டு கையிலும் பார்டர் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும், முதுகில் மாங்காய் நடுவில் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கல்யாணப் பெண்ணின் அம்மா கடையை ரெண்டாக்கிவிடுவாள். ரவிக்கைக்காரிக்கு இல்லாத பொருத்தமா? என் பஸ் ஏற்கனவே அந்த ரூட்டில்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. போர்டு மட்டும் மாட்டவில்லை.

கொட்டாங்குச்சி பட்டனைத் திருச்சியில் ஒரு கடையில் தேடிப் பிடித்தான் தங்கராசு. பட்டன் துளைக்குக் காஜா எடுத்து முடிக்க முகூர்த்தமும் நெருங்கிவிட்டது.

பாக்கெட் எங்கப்பா?

ஊர்வலம் சாயங்காலம். வெயில் இறங்கினாலும் அரியலூர் ரோடு சூட்டை இறக்கவில்லை. சிமெண்ட் லாரி போன புழுதி இன்னும் காற்றில் நின்றது. ஏதாவது பிரிந்தால் தைத்துக் கொடுக்க வேண்டுமே என்று ஊசி நூலோடு நானும் பாக்கியமும் போயிருந்தோம்.

திருச்சி செட்டு சிவப்புக் கோட்டு, தங்க ஜரிகை, தொப்பி. பார்க்க நன்றாகத்தான் இருந்தார்கள், பாவம், கழுத்துப் பட்டனைத் திறக்கவும் முடியாமல் வியர்வை ஊற்றியது. நம்ம செட்டு அவர்களுக்கு எதிரே வந்து வரிசையாக நின்றது. கருநீலம், பச்சை, சிவப்பு. லேசாகக் காற்று அடித்தபோது எல்லார் சட்டையும் ஒரே நேரத்தில் அசைந்தது. மரமெல்லாம் அசைகிற மாதிரியே இருந்தது எனக்கு.

மாப்பிள்ளையின் சித்தப்பா சந்தனக் கிண்ணமும் ரோஜாத் தட்டுமாக வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, இரும்புப் பெட்டி மாதிரி முகம். நம்ம ஆட்களை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னப்பா இது, பேண்டு செட்டா, நைட்டி வியாபாரமா? நீங்க பின்னாடி வாங்கப்பா."

அவ்வளவுதான், ஒரே வரியில் முடித்துவிட்டார். பாக்கியம் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

சித்தப்பா கோட்டுக்காரர்களுக்குச் சந்தனம் வைத்து, ஆளுக்கொரு ரோஜாவைப் பாக்கெட்டில் சொருகினார். பாரபட்சம் காட்டினார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே! தங்கராசுவிடமும் வந்தார். சந்தனம் வைத்தார். ரோஜாவை நெஞ்சில் சொருகப் போனார். ரோஜா வழுக்கிக் கீழே விழுந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் விழுந்தது.

"பாக்கெட் எங்கப்பா? வெக்கவே இல்லையா?"

தங்கராசு நெஞ்சுப் பக்கம் கையைக் கொண்டுபோனான். ஒரு தென்னை ஓலைக்குள் ரெண்டு விரலை விட்டான். டிரம்பெட்டின் வாய்ப்பகுதியை அதற்குள்ளிருந்து எடுத்தான். ஊதுகிற பக்கத்தைத் துடைத்துக் கருவியில் மாட்டினான்.

"அடேய்!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

சித்தப்பா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டார். தங்கராசுவின் நெஞ்சுக்கிட்டே முகத்தைக் கொண்டுபோய்ப் பார்த்தார். அதற்குள் மாப்பிள்ளையே மாலையோடு காரிலிருந்து இறங்கி வந்துவிட்டார். அவருடைய சேக்காளிகள் ஆளுக்கொரு பேண்டுக்காரரைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைத் தடவ ஆரம்பித்தார்கள். "இவருக்கு இங்க இருக்குடா!" "டேய், இவருக்குப் பூவுக்குள்ள!" திருச்சி செட்டில் ஒருவர்கூட வரிசையை விட்டு வந்து பார்த்துவிட்டு, "கொடுத்து வெச்சவங்கய்யா, காத்தாவது வருது" என்றார்.

"நைட்டின்னு சொன்னீங்கல்ல மாமா" என்றான் தங்கராசு, நிதானமாக. "பொம்பளைங்க துணிதான். இந்தச் சட்டை ஹவாயில பொறந்தப்பவும் அப்படித்தான் பொறந்துச்சு. கரும்பு வெட்டப் போன சனத்தோட துணி. துணி யாரோடதுன்னு இதுல பாக்குறதில்ல. மரம் நேரா நிக்கணும், பாக்கெட்டு தெரியக் கூடாது, போட்டவன் உடம்பு இறுகாம நடக்கணும். அதான் அசலு."

மாப்பிள்ளை சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். "சித்தப்பா, பூச்சட்டை முன்னாடி போகட்டும். எனக்குக் காருலேருந்து இவங்க முதுகு தெரியணும்."

முதுகு தெரியணும் என்றார்! பாக்கியம் என் முந்தானையை விட்டுவிட்டுக் கையைத் தட்டினாள்.

இரும்புப் பெட்டியும் திறக்கும். சித்தப்பா கீழே விழுந்த ரோஜாவை எடுத்து ஊதி, இந்தத் தடவை தானே தடவிப் பாக்கெட்டைக் கண்டுபிடித்துச் சொருகினார். "போங்கப்பா, முன்னாடி போங்க" என்றார். பிறகு, "யாரு தைச்சது?" என்றார்.

தங்கராசு டிரம்பெட்டை நீட்டி என்னைக் காட்டினான். அத்தனை தலையும் என் பக்கம் திரும்பியது. "எனக்கு ஒண்ணு!" என்று மாப்பிள்ளை முதலில் கையைத் தூக்கினார், பின்னாலேயே சேக்காளிகள் அத்தனை பேரும்.

"நீங்களாம்மா? எனக்கும் ஒண்ணு தைப்பீங்களா? இதே மாதிரி, பாக்கெட்டு தெரியாம" என்றார் சித்தப்பா.

அதற்குள் டிரம் ஆரம்பித்துவிட்டது. நான் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"தைக்கலாங்க! ஆனா மாப்பிள்ளை முதல்ல சொல்லிட்டாரு, அவரோட சேக்காளிங்க அத்தனை பேரும் சொல்லிட்டாங்க. நீங்க அவங்களுக்குப் பின்னாடி வாங்க!"